கோடாலித் தைலப் பெரியப்பா

எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இவர் ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வந்தவர். பெயர்தான் ஆளுக்கு ஆள் வேறு, கதை ஒன்றே. எல்லோரையும் சேர்த்துப் ‘பெரியப்பா’ என்று வைத்துக்கொள்வோம்.

பெரியப்பா அங்கே டாக்சியில் ஏறவே மாட்டார். கஞ்சத்தனம் என்று மகன் நினைக்கிறான். விஷயம் அதுவல்ல. காஞ்சிபுரத்து வீட்டில் நாலு தறி, முன்கட்டில் புடவை வியாபாரம். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் நிற்கும் வெளியூர்க்காரரை, “கைலாசநாதர் கோயிலுக்குப் போற வழிதான் சார், அப்படியே நெசவும் பார்த்துடலாம்” என்று ஆட்டோக்காரப் பையன் இவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவான். சாயங்காலம் கமிஷனுக்குத் தனியாக வருவான்.

“ஓட்டறவன் நம்மளை எங்கே கொண்டுபோய் நிறுத்துவான்னு எனக்கே பாடம் எடுக்கறியா? பஸ்காரனுக்கு எந்தக் கடையிலும் கமிஷன் கிடையாது. பஸ்ஸிலேயே போவோம்” என்பது அவர் தீர்ப்பு.

பஸ்ஸில் ஏறிய முதல் நாளே கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. கண்டக்டர் இல்லை. “தேக்கா வந்தா சொல்லுப்பா” என்று யாரிடம் சொல்லி வைப்பது? ஏறும்போது அட்டையால் ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. தூரத்துக்குத் தக்க காசை எந்திரமே எடுத்துக்கொள்ளும். பெரியப்பா இறங்கும்போது தட்ட மறந்தார். கடைசி நிறுத்தம் வரைக்குமான காசு போய்விட்டது என்று மகன் சொன்னதும் கொதித்தார்.

“நான் இறங்கின அப்புறமும் என்னை ஏத்திக்கிட்டே போயிருக்கானா!”

மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், ஓட்டுநர் எழுந்து வந்து கையைக் காட்டும் வரை உட்கார்ந்திருந்து கணக்கை நேர் செய்துகொண்டார். அந்தப் பயணத்துக்கும் தனியாகக் காசு போனதை மகன் இன்றுவரை சொல்லவில்லை.

பெரியம்மாவின் குறை வேறு. 2021 முதல் நம் ஊர் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போய்ப் பழகியவர். “பொம்பளைங்களுக்குமா காசு?” என்று ஒரு மாதமும் கேட்டுக்கொண்டே தட்டினார்.

சிராங்கூன் சாலைப் புடவைக் கடைக்குள் பெரியப்பாவை விட்டதுதான் மகன் செய்த பெரும் பிழை. வாங்க வந்தவர்கள் முந்தியைப் பார்ப்பார்கள். இவர் புடவையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டி, “இது கோர்வை இல்லை. மூணு நாடா ஓட்டி, கூட ஒரு ஆளை வெச்சு நெய்யறதும்மா கோர்வை” என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். அவள் கையிலிருந்த புடவையை வைத்துவிட்டாள். அடுத்து ஜரிகையை நகத்தால் சுரண்டினார். அசல் என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சோதனை. சுரண்டிய நகம் எங்கள் ஊர் நகம் என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? விலைச்சீட்டைப் பார்த்து, டாலரை ரூபாயாகப் பெருக்கி, “நெய்தவனுக்கு இதில் எவ்வளவு வந்திருக்கும்?” என்று பெரியப்பா கேட்டபோது, மகன் வெளியே நடைபாதையில் நின்று போன் பேசுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

அவர் மனசாரச் செலவு செய்தது முஸ்தபா கடையில், கோடாலித் தைலத்துக்குத்தான். 1928இல் சிங்கப்பூரில் ஆரம்பித்த கம்பெனி. அங்கே உள்ளவர்கள் எவ்வளவு தடவிக்கொள்கிறார்களோ, சரக்கில் பாதி தமிழ்நாட்டு முழங்கால்களுக்குத்தான் வருகிறது என்பது என் அபிப்பிராயம். நம் ஊர் மருந்துக் கடையிலும் அது கிடைக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். “அது வேற, இது வேற” என்றார்.

ஊர் திரும்பிய அன்று திண்ணையில் பங்கீடு நடந்தது. சீசாவின் உயரம்தான் உறவின் அளவு. சம்பந்திக்குப் பெரியது. பங்காளிகளுக்கு நடுத்தரம், அதிலும் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாதவருக்கு ஒரு சுற்றுச் சிறியது. எனக்கு வந்தது சுண்டுவிரல் உயரம். மூடியைத் திறந்தால் தீர்ந்துவிடுமோ என்று இன்னும் திறக்கவில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் பைக்குள் ஒரு சீசா மிச்சம் இருந்தது. சம்பந்தியுடையதைவிடப் பெரியது. பெரியம்மாவுக்காக இருக்கும் என்று நினைத்தோம். வாசலில் ஹாரன் கேட்டது. பெரியப்பா அதை எடுத்து வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு, ஆட்டோவை நோக்கி வேகமாக இறங்கிப் போனார்.