தாம்பரத்தில் ஒரு வீடு, பத்து மாத அட்வான்ஸ்

கேள்வி: சென்னையில் வேலை கிடைத்த மகனுக்குத் தாம்பரம் பக்கம் வீடு பார்க்கிறோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், செட்டியார்பட்டி

பதில்: கூசாமல் பேரம் பேசுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது. பத்து மாதத்துக்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு சட்டம் துணைக்கு வராது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள்.

கரண்ட் மீட்டரையும் பாருங்கள். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் என்றால் பல இடங்களில் வீட்டுக்காரர் சொன்னதே ரேட்டு!

இடம் அருமையான தேர்வு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராஜபாளையத்தில் நீங்கள் ஏறும் பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலேயே நிற்கும். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் மறுநாள் காலையிலேயே பையன் கைக்கு வந்துவிடும்.