ஜெராக்ஸ் தேசத்தின் ராணுவ ரகசியம்

2019 மார்ச் 6. ரஃபேல் போர் விமானப் பேரத்தின் ஆவணங்கள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து திருடு போய்விட்டன என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால். நாட்டுக்கே காவல் நிற்கும் அமைச்சகத்தில் களவு! இரண்டே நாளில் அவரே விளக்கினார்: அசல் போகவில்லை, நகல்தான். அப்பாடா. அந்த ஜெராக்ஸ் தாளை வெளியிட்டதற்காக ‘தி இந்து’ மீது அலுவல் ரகசியச் சட்டம் பாயும் என்று மிரட்டினார்கள்.

அந்தத் தாளில் ஏவுகணைச் சூத்திரமா இருந்தது? பிரதமர் அலுவலகம் தனியாகப் பேரம் பேசுகிறது என்று பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகள் எழுதிய ஆட்சேபம் இருந்தது. ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தத் தாள்களைப் பார்க்கவே கூடாது என்ற அரசின் எதிர்ப்பைத் தள்ளினார்கள்.

1923-ல் வெள்ளைக்காரன் போட்டது அந்த அலுவல் ரகசியச் சட்டம். அடிமைச் சின்னங்களை ஒழிக்கிறோம் என்று ராஜபாதைக்குப் பேர் மாற்றியாயிற்று. தண்டனைச் சட்டத்துக்குச் சமஸ்கிருதப் பேர் சூட்டியாயிற்று. இந்தச் சின்னத்தின் மேல் மட்டும் தூசுகூடப் படவிடுவதில்லை. குடிமகனை நம்பாதவன் செய்த சட்டம், குடிமகனை நம்பாதவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

1962-ல் சீனாவிடம் ஏன் அடி வாங்கினோம் என்று ராணுவ அதிகாரிகள் ஹென்டர்சன் புரூக்ஸும் பகத்தும் 1963-லேயே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் பரம ரகசியம். காங்கிரஸ் மூடியே வைத்தது. 2014-ல் நெவில் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் பெரும்பகுதியை இணையத்தில் போட்டார். பெய்ஜிங்கில் டீ குடித்தபடி படிக்கலாம். இந்தியன் கேட்டால் தேசத்துக்கு ஆபத்து. காலமெல்லாம் பூட்டி வைப்பது பொதுநலனுக்கு நல்லதல்ல என்று அந்த மார்ச்சில் எழுதினார் எதிர்க்கட்சிக்காரர் அருண் ஜேட்லி. வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று ஜூலையில் மாநிலங்களவைக்குப் பதில் தந்தார் பாதுகாப்பு அமைச்சர் அருண் ஜேட்லி. நாலே மாதம். நலன் அதேதான். நாற்காலி வேறு.

இத்தனை கறாரான காவலர்களிடம் 2002-ல் சத்யேந்திர துபே ஒன்றே ஒன்று கேட்டார். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடக்கும் கொள்ளையைப் பிரதமருக்கு எழுதிய பொறியாளர் அவர். என் பேரை மட்டும் வெளியே விடாதீர்கள் என்றார். கடிதம் பேரோடு மேசை மேசையாகப் போனது. முதியோர் பென்ஷன் மனு ஒரு மேசை தாண்ட ஒரு வருஷம் பிடிக்கும் நாடு இது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் கால் முளைத்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறி என்றது சி.பி.ஐ. இருக்கட்டும். அவர் பேரைக் கசியவிட்டவன் மேல் எந்த ரகசியச் சட்டம் பாய்ந்தது? அவன் பத்திரிகைக்காரன் இல்லையே.

அந்தச் சாவு தந்த வெட்கத்தில், ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்க ஒரு சட்டம் செய்தார்கள். செய்து முடிக்கவே பத்து வருஷம். 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கொடுத்துவிட்டார். அமலுக்கு வருவதற்குள்ளேயே, 2015-ல், பல்லைப் பிடுங்கத் திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். ரகசியச் சட்டத்துக்குள் வருவதைப் பற்றிப் புகாரே கொடுக்கக் கூடாதாம். கொள்ளையடிப்பவன் கோப்பின் மேல் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தினால் போதும். மக்களவை தலையாட்டியது. பிறகு மசோதாவும் காலாவதியானது.

மூலச் சட்டம் அப்படியே கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க நிதி வேண்டாம், பெரும்பான்மை வேண்டாம். என்று முதல் அமல் என்று அரசிதழில் ஒரு தேதி போட்டால் போதும். இந்த அரசிடமிருந்து இதுவரை யாராலும் கசியவைக்க முடியாத ஒரே ரகசியம் அந்தத் தேதிதான்.