பெட்டிக்கு ஆறு வழி

கப்பல் சரக்குப் பெட்டிகளை உள்நாட்டிலேயே ஏற்றி இறக்கும் உலர் துறைமுகத்துக்கு இடம் பார்க்கும் பெரியவர்களுக்கு, திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர ஓரத்துப் பள்ளிப்பட்டிலிருந்து வணக்கம்.

மப்பேட்டில் 184 ஏக்கர் பார்த்தீர்கள். நல்ல இடம்தான், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் பக்கத்தில். ஒரே குறை, ரயில் இல்லை. அதனால் என்ன, கடம்பத்தூரிலிருந்து 10 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டீர்கள். தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்கிற சாமர்த்தியம் யாருக்கு வரும்?

சென்னைத் துறைமுகம் அங்கே சிப்காட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பல ஆண்டு புல் வளர்த்தது. பிறகு 2022 மே 26 அன்று, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இருந்தபடியே பிரதமர் மப்பேட்டுக்கு அடிக்கல் நாட்டினார். அதே மேடையில் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கும் ஒரு கல். அதற்குத்தான் 2009 ஜனவரியிலேயே மன்மோகன் சிங் ஒன்று நாட்டியிருந்தாரே! கூவத்துக்குள் தூண் வருகிறது என்று 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் மொட்டையாக நின்றன. 1,815 கோடி ரூபாய்த் திட்டம் சும்மா நின்றே 5,850 கோடியாக வளர்ந்தது. பாங்கில் போட்டாலும் இந்த வட்டி கிடைக்காது. பணம் கட்டுவது யார் என்று கேட்காதீர்கள், நாம்தான்.

எங்கள் நிலம் என்றால் மட்டும் உங்களுக்குத் தாமதமே தெரியாது. சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலைக்காகப் பள்ளிப்பட்டிலும் ஊத்துக்கோட்டையிலும் வயலில் இறங்கி அளந்தீர்கள். முப்போகம் விளைகிற பூமி ஐயா என்று விவசாயிகள் தெருவுக்கு வந்து கத்தினார்கள். யார் காதில் விழுந்தது? பெட்டி எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நெல்லுக்கும் கரும்புக்கும் அப்படி என்ன அவசரம்?

ஆந்திராவில் அம்மபள்ளி அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். எங்கள் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்கும். 2021 நவம்பரிலும் மூழ்கின. பள்ளிக்கூடப் பிள்ளையும் பிரசவத்துக்குப் போகிறவளும் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். பெட்டிக்கு ஆறு வழி, மனுஷருக்கு ஒன்றுகூட இல்லை.

அடுத்த உலர் துறைமுகத்துக்கு இடம் தேடும்போது ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். காரை அக்கரையில் நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் தரைப்பாலத்தைக் கடந்து வந்து பேசுங்கள். நில எடுப்பு நோட்டீஸ் அப்புறம் இருக்கட்டும். முதலில் மூழ்குகிற ஒவ்வொரு தரைப்பாலத்துக்கும் பதிலாக ஒரு மேம்பாலம் கட்டுங்கள். அடிக்கல் மட்டும் வேண்டாம்.