மலை ஒன்று தேவை

ரோட்டோருவா, நியூஸிலாந்து

தேவரீர் அண்ணா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கும் மன்னியின் முழங்கால் வலிக்கும் எழுதவும்.

பூமாதேவி சதா கொதித்துக்கொண்டிருக்கும் இந்த ஊரில், சாலையோரச் சாக்கடை மூடியிலிருந்து ஆவி கிளம்புவதும், கந்தக வாடையுடனேயே காலைக் காபி குடிப்பதும் எனக்குப் பழகிப்போய்விட்டன. பழகாமல் என்னைத் திக்குமுக்காட வைத்தது, இந்நாட்டின் ஆதி ஜனங்களாகிய மாவோரிகளின் உபசாரந்தான். மாப்பிள்ளையின் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்களைக் குடும்ப சமேதராக ‘மராய்’ என்னும் குலச் சபைக்கு அழைத்திருந்தார்கள். வாசலில் கூட்டமாக நின்றோம். உள்ளிருந்து ஒரு மூதாட்டி நீண்ட குரலெடுத்து அழைத்தாள். அந்த அழைப்பு வராமல் ஒருவரும் ஓரடி எடுத்துவைக்கலாகாது. வந்த பிற்பாடும் நடையில் அவசரம் கூடாது. ஏனென்றால் விருந்தாளியோடு அவனுடைய பித்ருக்களும் கூடவே வருவதாக ஐதீகம்; அவர்களெல்லாம் வயசானவர்கள் அல்லவா!

சபா மண்டபமும் வெறும் கட்டடமன்று, ஒரு மூதாதையின் தேகம். முகட்டு உத்தரம் முதுகெலும்பு, கைமரங்கள் விலாவெலும்பு, முகப்பின் இருபுறமும் சரிந்திறங்கும் சித்திரப் பலகைகள் வருகிறவரைத் தழுவ விரித்த கரங்கள். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். சாப்பாட்டு மேஜையின்மேலோ தலையணையின்மேலோ உட்காருவது மகா அபசாரம். மன்னி இங்கே வந்தால் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, வகுப்பு நடத்தலாம். அண்ணா வருவதானால் மட்டும் பொடி டப்பாவை ஊரிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். கை குலுக்குவதற்குப் பதிலாக மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் வைத்து அழுத்தி, இருவரும் ஒரே பிராண வாயுவைப் பங்கிட்டுக்கொள்வதுதான் இவர்களுடைய நமஸ்காரம். அந்தச் சமயத்தில் தங்களுக்குத் தும்மல் வந்தால், இரண்டு தேசங்களின் சிநேகமே கெட்டுப்போகும்.

என்னுடைய சங்கடம் இதற்கப்புறந்தான் ஆரம்பமாயிற்று. தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒருவன் எடுத்த எடுப்பில் பெயரைச் சொல்வது இங்கே மரியாதை அல்ல. தன் மலை, தன் நீர்நிலை, தன் முன்னோர் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து வந்த தோணி, தன் குலம் ஆகிய இத்தனையையும் கிரமமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று பெயரைச் சொல்லவேண்டும். எனக்கு அருகில் இருந்த பெரியவர் எழுந்து, மலை ஙொஙொதஹா, ஏரி ரோட்டோருவா, தோணி தே அராவா, குலம் ஙாத்தி ஃபாக்காவே என்று கம்பீரமாக முழங்கினார். ஔவைப்பாட்டி தயவு பண்ணி ஆத்திசூடியில் ஒரு வரி ஒதுக்கினாளே தவிர, தமிழிலே சொல்லுக்குத் தலைமை வகிக்கும் பாக்கியம் வாய்க்காத நம்முடைய ‘ங’வுக்கு, இங்கே மலைக்கு மலை, குலத்துக்குக் குலம் முதல் மரியாதை! ஆபீஸ் வெள்ளைக்காரர்கள் அதை உச்சரிக்கத் தெரியாமல் தொண்டையில் முள் சிக்கியவர்கள்போல் தவித்துக்கொண்டிருக்க, நான் திண்ணைப் பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் ஙா என்று நீட்டிச் சொன்னேன். சபை மெச்சிக்கொண்டது.

ஆனால் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் மலைக்கு எங்கே போவான்? சுவாமிமலையைச் சொல்லிவைத்தேன். அது அறுபது படியுள்ள கட்டுமலை என்பதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆற்றுக்குக் காவேரி இருக்கிறாள். இவர்கள் நதியை மூதாதையாகவே பாவிக்கிறவர்கள். வாங்கனுயி நதிக்கு 2017இல் சட்டமே ஒரு மனுஷனுக்குரிய அந்தஸ்தைக் கொடுத்து, அதன் சார்பில் பேசுவதற்கு இரண்டு பிரதிநிதிகளையும் ஏற்படுத்தியிருக்கிறது. நம் காவேரியும் கோர்ட்டுக்குப் போய்ப் பழகியவள்தான். வழக்காடுகிறவர்கள் வேறு யாரோ என்பது ஒன்றே வித்தியாசம்.

தோணிக்கு ஆகாய விமானக் கம்பெனியின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. நல்லவேளையாக முகைதீன் பக்ஷ் கைகொடுத்தார். வில்லியம் கொலென்ஸோ என்னும் மிஷனரி, 1836ஆம் வருஷ வாக்கில் இந்நாட்டின் வடபாகத்தில் பிரயாணம் செய்தபோது, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டாராம். உற்றுப் பார்த்தால் அது உடைந்துபோன மணி. அதன்மேல் தமிழ் எழுத்து! முகைதீன் பக்ஷுடைய கப்பலின் மணி என்பது அதன் வாசகம். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்துக் கொலென்ஸோ வாங்கிக்கொண்ட அந்த மணி, இப்போது வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா மியூஸியத்தில் இருக்கிறது. எங்கள் ஜாதி மணி உங்கள் அடுப்பில் ஏறியிருக்கிறது என்று சொன்னதும் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கினபின் அவர் சொன்ன சங்கதிதான் மனசைத் தைத்தது. 1867இல் ஏற்பட்ட சட்டத்தினால் சுதேசிப் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷே போதனாபாஷை ஆயிற்று. தாய்மொழியில் வாய் திறந்த குழந்தைகள் அடி வாங்கினார்கள். அடிபட்டவர்கள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளுக்காவது அந்தக் கஷ்டம் வேண்டாமென்று வீட்டிலும் அதைப் பேசாமல் விட்டார்கள். 1972இல் முப்பதினாயிரம் பேருக்குமேல் கையெழுத்திட்டுப் பார்லிமெண்டுக்கு மகஜர் கொடுத்தார்கள். சர்க்கார் எந்தத் தேசத்திலும் சர்க்கார்தானே! யோசித்து யோசித்து 1987இல் மாவோரியை ராஜாங்க பாஷை ஆக்கிற்று. அதுவரையில் பாட்டிமார்கள் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. 1982இலேயே, பள்ளிக்கூட வயசு வராத பிள்ளைகளைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, மாவோரியைத் தவிர வேறொன்றும் காதில் விழாத ‘கொஹங்கா ரெயோ’ என்னும் மொழிக்கூடுகளை ஆரம்பித்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த பாஷையைக் காப்பாற்றியது சட்டமன்று, அந்தக் கிழவிகள்தான். நம் பேத்தி அவர்களுடைய பாட்டுகளை வீடெல்லாம் பாடித் திரிகிறாள். தமிழில் கூப்பிட்டால் மட்டும் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறாள்.

சடங்கு முழுவதும் சாப்பாட்டில் பூர்த்தியாயிற்று. குழி தோண்டி, பழுக்கக் காய்ச்சிய கற்களின்மேல் வைத்து மூடி வேகவைத்த பதார்த்தங்களில், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றே எனக்கு லாயக்காயிருந்தது. அதிலேயே வயிறு நிறைந்தது.

இனி முக்கியமான விஷயம். அந்தப் பெரியவர் தோணியில் வந்திறங்கிய முப்பாட்டன் வரைக்கும் வம்சாவளியைத் தட்டாமல் சொல்லுகிறார். நமக்கோ தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறை. அதற்குமேல் வாத்தியாரே கேட்பதில்லை. தை மாதத்தில் மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள். ஆகையால், அப்பாவின் டிரங்குப் பெட்டியிலுள்ள பழைய நோட்டைப் பார்த்து, கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தியவர்களின் பெயர்களை எழுதியனுப்பவும். தபால் தாமதமாகும், பேரனிடம் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி