வவுத்துப் புண்ணுக்கும் ஆறு வகுப்பு

ஏலே பேராண்டி, அந்தக் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டு எதுக்குடே மோட்டுவளையைப் பாத்துட்டு இருக்க? குழாய் விட்டுப் பாத்தாகளாக்கும். ‘எச்-1’னு எழுதிக் குடுத்தாகளாக்கும். ராத் தூக்கம் போச்சாக்கும்!

அது ஜப்பான்காரன் வச்ச கணக்குலே. சாக்கிதா, மிவானு டாக்டருமாரு பேரால வழங்குது. வவுத்துக்குள்ள போற கேமராவை 1950-லயே செஞ்ச நாடுல்லா? பாத்த புண்ணைச் சும்மா விடுவானா? ஏ-1, ஏ-2, எச்-1, எச்-2, எஸ்-1, எஸ்-2னு ஆறு வகுப்பு பிரிச்சுட்டான்.

முழங்கால் சிராய்ச்சா என்ன ஆவும்? அதேதான் உள்ளயும். ஏ-1ல கரை பொம்முனு வீங்கி, நடுவுல வெள்ளைப் படலம் அப்பிக் கெடக்கும். ஏ-2ல வீக்கம் வத்தி, ஓரத்துல புதுத்தோல் செவப்பா எட்டிப் பாக்கும். எச்சுல அது உள்ள நவுந்து வரும், வெள்ளை ஒடுங்கும். எஸ்ஸுன்னா மூடிருச்சு. இதை உங்க ஆச்சிகிட்ட கேட்டா வெத்தலை மடிச்சுக்கிட்டே சொல்லுவா. அவளுக்கு யாரு பட்டம் குடுத்தா?

ஆனா கடைசி ரெண்டு வகுப்புல கெட்டிக்காரனுவதான். மூடுனா போதும்னு விடல. செவப்புத் தழும்பு எஸ்-1. அது இன்னும் பிஞ்சு, திரும்பப் பொத்துக்கிடலாம். வெளுத்து எஸ்-2 ஆனாத்தான் கொஞ்சம் நம்பலாம்.

இந்த டாக்டருமாரு கூட்டந்தான் ஒரு காலத்துல, கவலையால வந்துச்சு, காரத்தால வந்துச்சுன்னு நம்மளை மோருஞ்சோத்துல ஒக்கார வச்சாக. ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல, ரெண்டு பேரு கிருமின்னு சொன்னப்ப பலரும் நம்பல. அதுல ஒருத்தரு, பாரி மார்ஷல், 1984-ல அந்தக் கிருமியையே கரைச்சுக் குடிச்சு வவுத்தைக் கெடுத்துக்கிட்டாரு! 2005-ல நோபல் குடுத்தாக. மொளகா மேல போட்ட பழிக்கு எவனாச்சும் மன்னிப்பு கேட்டானா?

சரி, நீ என்ன செஞ்சிருக்க? நாலு நாள்ல வலி நின்னதும் மாத்திரையை மூட்டை கட்டிட்ட. வலி நின்னா புண்ணு ஆறிருச்சுன்னு எவம்லே சொன்னான்? அமிலம் கொறஞ்சுது, எரிச்சல் அடங்கிச்சு, அம்புட்டுதான். இரைப்பைப் புண்ணு மூட எட்டு வாரங்கூட ஆவும். மறுபடி குழாய் விடணும்னு சொன்னா காசுக்குன்னு மொணங்காத. புண்ணு வேசத்துல புத்துநோயும் ஒளிஞ்சுக்கிடும்.

போ, அந்த மாத்திரையை எடுத்துட்டு வா. அப்படியே சட்டைப் பையில கெடக்குற தலைவலி மாத்திரையையும் இங்க குடு. அதுல சிலது புண்ணைக் கிளப்பி விட்டுரும். டாக்டர்ட்ட கேக்காம அதை முழுங்கிக்கிட்டு, எச்-1 எப்ப எச்-2 ஆவும்னு எண்ணிக்கிட்டு இருக்கியாடே?