இரண்டும் சேர்ந்து வராது, சார்

வெள்ளத்தைத் தடுக்கக் கரை எதற்கு? ஒரு பென்சில் போதும். தாளில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேலே போனால் மட்டும் அபாயம் என்று எழுதுங்கள். வரம்பு நிர்ணயித்தாயிற்று, டீ சொல்லுங்கள்.

அதே தாளில் இரண்டு பத்தியாக எண்கள் இருக்கும். முதல் பத்தியில் செம்பரம்பாக்கம் ஏரியின் மட்டம்; முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அடுத்த பத்தியில் அன்றன்றைய மழை. இரண்டும் ஒரே நாளில் உச்சிக்குப் போவது எத்தனை தடவை? இதுதான் கேள்வி. கோட்டைத் தாழ்த்தினால் தூறல் போட்ட நாளெல்லாம் உள்ளே நுழைந்து, பேய்மழையின் குணத்தையே மறைத்துவிடும். உயர்த்தினாலோ மிஞ்சுவது நாலைந்து புள்ளி. அதை வைத்து எதையும் சொல்லலாம். மனச்சாட்சி உள்ளவன் கோட்டை மேலும் கீழும் நகர்த்தி, விடை எங்கே ஆடாமல் நிற்கிறது என்று பார்ப்பான். காரியக்காரன் விடையை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குத் தோதான கோட்டைத் தேடுவான்.

அவனுக்கென்றே ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது: இயல்நிலைப் பரவல். இரண்டு பத்தியையும் சேர்த்து அதில் பொருத்துங்கள்; அவற்றின் ஒட்டுறவு 0.9 ஆகவே இருக்கட்டும். கோட்டை ஏற்ற ஏற்ற, ஒன்று உச்சியைத் தொட்டால் மற்றதும் தொடும் வாய்ப்பு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். ஏரி தளும்புகிறதா? அப்படியானால் மழை மரியாதை தெரிந்த விருந்தாளி, அடுத்த வாரம்தான் வரும்!

2015 டிசம்பர் 1 அன்று அந்த விருந்தாளிக்கு மரியாதை மறந்துபோயிற்று. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததாக அரசுக் கணக்கு. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் வழிந்த தண்ணீரும் அதே அடையாற்றில்தான். அட பாவிகளா, ஏரியை நிரப்பியதே நவம்பர் மழைதானே! ஒரே வடகிழக்குப் பருவமழை பெற்ற பிள்ளைகளுக்குத் தனித்தனி ஜாதகம் எழுதினால் யார் குற்றம்?

நூறாண்டில் காணாத மழை என்றார்கள். சரி, மழைப் பத்திக்கு நூறாண்டு. நிரம்பிய ஏரியின் தலையில் விழுந்த மழைக்கு எத்தனை ஆண்டு? அந்த ஜோடிக் கணக்கை எந்த மேடையிலும் நான் கேட்கவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, அந்த 2015 வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. அதையும் கட்டி அலமாரியில் வைத்தாயிற்று. நிபுணர்கள் அந்த அலமாரியை மட்டும் வெள்ளம் எட்டாத மாடியில் வைத்திருப்பார்கள்.

கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் வெள்ளம் வடிந்தபின் சுவரில் ஒரு பழுப்புக் கோடு நின்றது. அந்த வரம்பை ஏற்றவோ இறக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.