புகார் தமிழில் மட்டும்

பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடிக்கும். கல்வி விளையாட்டு பிடிக்காது. இது எது, அது எது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நிமிடம் போதும். ஆசிரியர்களுக்கான பயிலரங்குகளில் நமக்குச் சொல்லித் தருவதெல்லாம் வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுக்கும் வித்தைதான். எட்டு வயதுப் பிள்ளை பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்பிவிடும். மரியாதை தெரிந்த பிள்ளை என்றால் அதைத் துடைத்து நம் கையிலேயே திருப்பிக் கொடுக்கும்.

சிங்கப்பூரின் காத்தோங்கில், ஈஸ்ட் கோஸ்ட் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். தொடக்கநிலை இரண்டு முதல் நான்கு வரை, 16 பிள்ளைகள். லிட்டில் இந்தியாவில் வகுப்பு வைத்தால் கூட்டம் இன்னும் சேரும் என்று தோழிகள் சொல்கிறார்கள். சேரும்தான். ஆனால் அங்கே தேக்காச் சந்தையில் கீரைக்காரரும் பூக்கடை அக்காவும் பாதித் தமிழைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அங்கே என்ன வேலை? காத்தோங்கில் அந்தக் கவலை இல்லை. பெரானாக்கான் வீடுகளின் பூப்போட்ட ஓடுகளைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு தூரம் நடந்தாலும், சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலை விட்டால் காதில் தமிழ் விழுவது அபூர்வம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் கிட்டத்தட்ட 60 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். என் வகுப்பில் அந்த விழுக்காடு இன்னும் தாராளம். "சாப்பிட்டாயா?" என்றால் "ஆம்." "என்ன சாப்பிட்டாய்?" என்றால் "பிரட்." உரையாடல் முடிந்தது. கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்ட பிறகு, தமிழ் இங்கே ஒரு பாடம். பாடம் என்றாலே பிள்ளைகள் ஒரு சொல்லில் பதில் சொல்வார்கள்.

ஆகவேதான் விளையாட்டு. ஆனால் அந்தச் சொல்லைப் பெற்றோர் முன்னால் உச்சரிக்கக் கூடாது. கல்வி அமைச்சு 2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டுக்குத் தேர்வே வேண்டாம் என்று சொன்னது. 2023க்குள் எல்லா வகுப்புகளுக்கும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று நல்லெண்ணம். அந்த மூச்சு விடும் நேரத்துக்குத்தான் பெற்றோர் என்னிடம் அனுப்புகிறார்கள்.

"இன்னிக்கு என்ன டீச்சர் செஞ்சீங்க?" என்று வாசலில் கேட்கும் அம்மாவிடம் "அஞ்சாங்கல் ஆடினோம்" என்றால் அடுத்த வாரம் பிள்ளை வராது. "கண்-கை ஒருங்கிணைப்பு, எண்ணறிவு, இணைந்து கற்றல்" என்றால் தங்கையையும் கொண்டுவந்து சேர்ப்பார். இத்தனைக்கும் எங்கள் ஊர் அஞ்சாங்கல்லில் கல்லே கிடையாது. முக்கோணமாகத் தைத்த துணிக்குள் அரிசியோ பச்சைப்பயறோ இருக்கும். தஞ்சாவூரில் நிஜக் கல்லைப் போட்டுப் பிடித்து வளர்ந்த என் சித்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்லுக்குச் சட்டை போட்டு வெச்சிருக்கீங்களே!" என்று ஒரேயடியாகச் சிரித்தார்.

நவீனமாக இருக்கட்டும் என்று முதலில் கஹூட்டை இறக்கினேன். நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கேள்வி-பதில் விளையாட்டு அது. திரையில் கேள்வி வரும். நான்கு விடைகள் சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று நிற்கும். சீக்கிரம் அமுக்கினால் புள்ளி அதிகம். தமிழ் வாசிக்கவே மூச்சு வாங்கும் ஒரு பையன் முதலிடத்தில் வந்து நின்றான். எப்படிடா என்று கேட்டேன். "கேள்விய படிக்கவே கூடாது டீச்சர். எந்த ஆன்சர் நீளமா இருக்கோ அதை அமுக்கணும்." அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அதே வழியில் பெரிய பெரிய தேர்வுகளைத் தாண்டி நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பழைய முறைக்குப் போவோம் என்று மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பிடித்தேன். நமக்கு அவர் அந்நியர் இல்லை. 1939இல் மூன்று மாதப் பயிற்சி நடத்த அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தவர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கி எதிரி நாடாகிவிட, அடையாறும் கொடைக்கானலுமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தை விரலால் தடவித் தடவிப் பழக வேண்டும் என்பது அவருடைய முறை. இத்தாலிக்காரர்களுக்கு 21 எழுத்து. ஒரு தாளில் முடிந்துவிடும். நமக்கு 247. நான் கேட்ட கட்டைப் பார்த்துச் சீனக் கடைக்காரர், வீடு முழுக்க ரெனவேஷனா என்று விசாரித்தார்.

பட்ஜெட்டுக்குள் அடக்கி உயிர் 12, மெய் 18 மட்டும் வெட்டினேன். பிள்ளைகள் பக்தியோடு தடவ ஆரம்பித்தார்கள். 'ங்' வந்ததும் ஒருத்தி சட்டைப் பையிலிருந்து ஐஸ்கிரீம் குச்சியை எடுத்து அதன்மேல் தேய்த்து, நுனியைப் பளபளப்பாக்கிக் காட்டினாள். பத்து நிமிடத்தில் என் வகுப்பு தச்சுப் பட்டறை ஆகிவிட்டது. பென்சில் கூர் தீட்டுகிறவர்கள், ரப்பரை உருண்டையாக்குகிறவர்கள், நகம் தேய்க்கிற ஒரு சீமாட்டி. எந்த எழுத்து நன்றாகத் தேய்க்கும் என்று ஆராய்ச்சி நடந்து, 'ண்' என்று ஏகமனதாக முடிவாயிற்று. மூன்று சுழி இருப்பதால் அதில்தான் இடம் அதிகமாம். "மூணு சுழிய எனக்குக் குடு", "உனக்கு ரெண்டு சுழி போதும்" என்று இழுபறி. தடவச் சொன்னபோது தூங்கி வழிந்தவர்கள் இவர்கள்தாம். அன்றைக்குப் பிறகு அந்தக் கும்பலில் ஒருவர்கூட ண், ன் இரண்டையும் மாற்றி எழுதியதில்லை. மாண்டிசோரி அம்மையார் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாரா, மயங்கி விழுந்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

வெளியே கூட்டிப்போனால் ஒழுங்காக இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கையில் சொல் வேட்டை நடத்தினேன். காத்தோங் தெருக்களில் எங்கெல்லாம் தமிழ் எழுதியிருக்கிறதோ கண்டுபிடித்துக் குறித்து வர வேண்டும். கூடவே நாலைந்து அம்மாக்கள் காவல். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் இந்த வேட்டை ரெண்டே கடையோடு சப்பென்று முடிந்துவிடும். இங்கே தேட வேண்டும். அதிகாரத்துவ மொழி நான்கு என்றாலும், எங்கே நான்கும் வரிசையாக வரும் என்பது சிங்கப்பூரில் பிறந்த எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. முதல் குழு மூச்சிரைக்க ஓடிவந்து சொன்ன சொல்: "அபாயம்!" கட்டுமானத் தட்டி ஒன்றில் இருந்தது. இரண்டாவது குழு கொண்டுவந்ததும் "அபாயம்", இது மின்சார அறைக் கதவில். மூன்றாவது குழு உள்ளே வரக் கூடாது என்ற அறிவிப்போடு வந்தது. 2024 ஜூனில் திறந்த மரீன் பரேட் ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகை பார்த்த குழு ஒன்றுதான் சாந்தமான சொல்லோடு திரும்பியது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்த ஒரு சின்னவள் வருத்தமாகச் சொன்னாள்: "டீச்சர், தமிழ் எப்பவும் கோபமாவே இருக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர்களாகவே காகிதத்தில் பலகைகள் எழுதினார்கள். 'அபாயம்! அக்கா தூங்குகிறாள்.' 'அபாயம்! அப்பா சமைக்கிறார்.' இதில் ஒன்று வீட்டுச் சமையலறைக் கதவில் இன்னமும் ஒட்டியிருப்பதாக ஒரு பிள்ளையின் அம்மா சொன்னார். எடுக்கச் சொல்லவில்லையாம், அவருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பல்லாங்குழிப் பலகை கிடைக்காமல், பக்கத்திலிருந்த பெரானாக்கான் பொருள் கடையில் ஒரு சொங்காக் பலகை வாங்கினேன். படகு வடிவில், இருபுறமும் ஏழேழு குழி. நம் பல்லாங்குழியும் அதே பதினான்கு குழிதான். சொங்காக்கில் மட்டும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி உண்டு. அதற்குப் பெயரே வீடு. நான் தமிழ் விதிப்படி, "முனையில் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்றேன். மூன்றாம் வரிசையிலிருந்து உடனே எதிர்ப்பு. "வீட்டை எப்படி டீச்சர் சும்மா காலியா வெச்சிருக்கலாம்?" சிங்கப்பூர்ப் பிள்ளை அப்படித்தான் கேட்கும். பாலர் பள்ளியில் சொங்காக் ஆடியவர்கள் ஒரு கட்சி, பாட்டியிடம் பல்லாங்குழி ஆடியவர்கள் எதிர்க்கட்சி. ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது 'பசு', குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பாட்டிக் கட்சி சொல்ல, "பசு எங்கேருந்து வந்துச்சு?" என்று மற்றவர்கள் கொதித்தார்கள்.

கல்வி விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுகொள்வதே இல்லை. பல்லாங்குழி ஆட இரண்டு பேர் போதும்; மிச்சம் 14 பேர் என்ன செய்வார்கள்? என் 14 பேரும் பந்தயம் கட்டினார்கள். முழு வாக்கியம் பேசினால் ஒரு ஸ்டிக்கர் என்பது வகுப்பு வழக்கம். அந்த ஸ்டிக்கரைத்தான் யார் ஜெயிப்பார் என்று வைத்து ஆடினார்கள். தோற்றவர்களுக்கு ஸ்டிக்கர் தட்டுப்பாடு. உடனே ஒருவன் கடன் கொடுக்க ஆரம்பித்தான். இரண்டு வாங்கினால் அடுத்த சனிக்கிழமை மூன்றாகத் தர வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து நகரத்தார் வட்டிக் கடை நடத்திய ஊர் இது. ஆனால் அந்த வரலாறு பையனுக்குத் தெரியாது. அவனுடைய அப்பா ஐடியில் இருக்கிறார்.

வங்கியை மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. இரண்டே இரண்டு விதி போட்டேன். கணக்கு தமிழில் இருக்க வேண்டும். புகார் தமிழில் மட்டும் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் வந்தால் என் காது கேட்காது.

"ஆம்", "பிரட்" என்ற இரண்டு சொல்லோடு காலம் தள்ளிய பெண் அடுத்த வாரம் என் மேசைக்கு வந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேசினாள்: "டீச்சர், இவன் போன வாரம் எங்கிட்ட ரெண்டு ஸ்டிக்கர் வாங்கினான். இன்னிக்குத் தருவேன்னு சொன்னான். தரலை. கேட்டா, நீ குடுக்கவே இல்லைன்னு சொல்றான். அவன் பொய் சொன்னா நான் இனிமே கடன் குடுக்க மாட்டேன்." இறந்தகாலம், எதிர்காலம், எதிர்மறை, நிபந்தனை, அயற்கூற்று எல்லாம் ஒரே மூச்சில். பயிற்சித்தாளில் இந்த இலக்கணத்துக்கு நான் ஒதுக்கியிருந்தது ஒரு பருவம். கோபத்துக்கு இலக்கணம் தானாக வருகிறது.

புகார்கள் குவிந்ததால் வாரம் ஒரு நாட்டாமை நியமிக்க வேண்டியதாயிற்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைக்குக் கொடுத்த வேலைதான். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நம் பழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் அதை நடத்திப் பார்த்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது உலகம் சுற்றியது. என் நாட்டாமைக்கு ஒரே கட்டுப்பாடு: தீர்ப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும். "ஏன்னா நான் சொல்றேன்" செல்லாது. வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சியைப் போட்டுவிட்டு, கருத்தைக் காரணத்தோடு சொல் என்று தேர்வாளர் கேட்பதும் இதைத்தான். அங்கே பேந்தப் பேந்த விழிக்கும் பிள்ளை, இங்கே எதிராளிக்கு அபராதம் போட மூன்று காரணம் அடுக்குகிறது. 'தவணை' என்ற சொல்லை ஒருவன் பள்ளிக் கட்டுரையில் போட்டுவிட்டு வந்தான். எந்தப் புத்தகத்தில் படித்தான் என்று அவன் அம்மா கேட்டார். 'நிதியறிவு' என்றேன். தங்கையும் வருகிறாள்.

காத்தோங்குக்குச் சண்டை புதிதும் அல்ல. எந்தக் கடை லக்சா அசல் என்று 1990களின் இறுதியில் இதே சாலையில் கடைக்குக் கடை போட்டி நடந்தது. நறுக்கிய மீஹூனைக் கரண்டியால் மட்டும் அள்ளிச் சாப்பிடும் அந்த லக்சாவுக்கு ஊர்முழுக்கப் பெயர் வந்ததில் அந்தச் சண்டைக்கும் பங்கு உண்டு. ஆகவே ஆசிரியத் தோழமைகளே, பாடத்திட்டத்தில் விளையாட்டுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால், சண்டைக்குப் பத்து நிமிடம் சேர்த்தே ஒதுக்குங்கள். குறுக்கே புகுந்து சமாதானம் செய்யாதீர்கள். கைகலப்பு வந்தால் மட்டும் எழுந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்து பிள்ளை காரில் ஏறியதும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்காதீர்கள். "ஒன்னுமில்லை" என்றுதான் பதில் வரும். "யாரோட சண்டை?" என்று கேளுங்கள். பதில் தமிழில் வரும். வீடு போய்ச் சேரும்வரை முடியாது.